ஷூபெர்ட் குவின்டெட்: மட்டையில் சி மேஜர், கீபோர்டில் ஒன்றரைக் கட்டை

கேள்வி, கல்முனை வாசகர் ஒருவர், 3 மே

மாமா விட்டுப்போன கசெட்டுகளில் ஒன்றை போனில் ஏற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மட்டையில் அவருடைய கையெழுத்தில் "ஷூபெர்ட், குவின்டெட், சி மேஜர்" என்று இருக்கு. ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும் பாட்டு, தொண்ணூறுகளில் ரேடியோவில் இருந்து பிடித்தது. நான் சேர்ச்சில் கீபோர்ட் வாசிக்கிறவன். வைத்துப் பார்த்தால் சி இல்லை, சி ஷார்ப் வருது. இரண்டாவது பகுதியை எல்லாரும் பேரமைதி என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தரமாகத்தான் இருக்கு. யூடியூப்பில் வேறொரு குழு வாசித்ததைக் கேட்டேன், அழுகை வந்துவிட்டது. சுருதி ஏறினதால்தான் மாமாவின் கசெட்டில் உணர்ச்சி கெட்டுப்போச்சு என்கிறேன். அதோடு சி மேஜர் சந்தோசமான சுருதி என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் சரியான சுருதியில் ஏன் அழுகை வரவேண்டும்? வயலின்காரர் யாரும் இருந்தால் சொல்லுங்க.

3 மே, இரவு

தம்பி, முதல் வேலையாக கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்க. சேர்ச் கீபோர்ட் என்றபடியால் கேட்கிறேன். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஒரு படி இறக்கிவிட்டு, அப்படியே உறையைப் போட்டு மூடிவிடுவார்கள். மைனஸ் ஒன்றில் நின்றால் நீங்கள் சி ஷார்ப் அழுத்த சி தான் வரும். அப்போது கசெட்டில் பிழையே இல்லை.

4 மே

பூச்சியத்தில்தான் நிற்கிறதாம். சரி, நாடாவுக்கு வருவோம்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் ஒலிபெருக்கி, ரேப் ரெக்கோடர் திருத்துகிறவன். வயலின் படித்தது கர்நாடக முறையில். மேற்கத்தையது காதால் வந்தது. ஆகவே ஷூபெர்ட்டைப் பற்றி நான் சொல்வதை விட மோட்டரைப் பற்றிச் சொல்வதை நம்புங்க.

ரேப்பில் சுருதியும் வேகமும் பிரியாது. நாடா விரைந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். கீபோர்டில் பக்கத்துக் கட்டைக்குப் போகும் அளவு, அதாவது ஒரு அரைச்சுரம், ஏறவேண்டுமென்றால் வேகம் 6 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடவேண்டும். கசெட் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டியது. அது 5.04 ஆனால் போதும், சி போய் சி ஷார்ப் வந்துவிடும். மூன்று மில்லிமீற்றர் கூட இல்லை.

நேரத்தில் இது எவ்வளவு? நீங்கள் சொல்லும் இரண்டாவது பகுதி, அடாஜியோ, 94 பார், அதாவது 94 தாளச் சுற்று. ஒரு பாருக்குச் சராசரி 9 விநாடி வைத்தால் 14 நிமிடம் 6 விநாடி. நாடா அரைச்சுரம் ஏறி ஓடினால் 13 நிமிடம் 18 விநாடி. முக்கால் நிமிடம் களவு போகும்.

கொம்பியூட்டரில் ஏற்றும்போது விநாடிக்கு 44,100 மாதிரி என்று பதிந்ததை 48,000 என்று எடுத்துக்கொண்டாலும் சுருதி ஏறும். ஆனால் அந்தப் பிழையில் ஒன்றரை அரைச்சுரம் அளவு ஏறும். சி ஷார்ப்புக்கும் டிக்கும் நடுவில் போய் நிற்கும். நீங்கள் சொல்வது அது இல்லை. மோட்டர்தான்.

5 மே

இனி "சுருதி ஏறினால் உணர்ச்சி கெடும்" என்பதற்கு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு கட்டையில் சங்கராபரணம் பாடுவார், அவருடைய மனைவி ஐந்து கட்டையில் அதையே பாடுவார். யாரும் எழும்பி "ராகம் கெட்டுப்போச்சு" என்று சொன்னதில்லை. ஸ எங்கே நிற்கிறது என்பது பாடுகிறவரின் தொண்டைக்குரிய விசயம்.

மேற்கிலும் சுருதி ஒரே இடத்தில் நின்றதில்லை. இன்றைக்கு ஏ என்ற சுரம் என்றால் விநாடிக்கு 440 அதிர்வு, சில ஓர்க்கெஸ்ட்ராவில் 442. பரோக் என்ற பழைய காலத்து இசையை வாசிக்கிறவர்கள் 415 வைத்துக்கொள்கிறார்கள், அது சரியாக ஒரு அரைச்சுரம் கீழே. மொசாட், ஷூபெர்ட் காலத்துக் கருவிகளோடு வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 430. அப்படிப் பார்த்தால் மாமாவின் கசெட் சி ஷார்ப்பில் இருப்பது ஒரு குற்றமே இல்லை, 466 க்குச் சுருதி சேர்த்த ஒரு குழு என்று வைத்துக்கொண்டு கேட்கலாம்.

5 மே, கொஞ்சம் பிந்தி

மேலே எழுதியதில் ஒரு வால் மிச்சம் இருக்கிறது. உயர்ந்த சுருதிக்கு ஐந்து பேர் கருவியை முறுக்கி வாசிப்பதும், வாசித்து முடித்ததை நாடா இழுத்து உயர்த்துவதும் ஒன்றில்லை. நாடா உயர்த்தும்போது செல்லோவின், அதாவது அந்தப் பெரிய, தணிந்த குரல் வயலினின், பெட்டி எழுப்பும் முழக்கமும் சேர்ந்து ஏறும். காதுக்கு அது சின்னப் பெட்டியாகத் தெரியும். விரல் நடுக்கம் விநாடிக்கு ஆறு தரம் இருந்தால் ஆறரைக்குக் கிட்டப் போகும். இந்தப் பாட்டில் இரண்டு செல்லோ. கனமே அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களை மெலிய வைத்தால் உங்களுக்கு அந்தரம் வரலாம். பழியை ஸ மேல் போடவேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

7 மே

"சி மேஜர் சந்தோசமான சுருதி" என்பது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்படிப் பட்டியல் போட்டவர்களில் பேர்பெற்றவர் கிறிஸ்டியான் ஷூபார்ட். ஷூபெர்ட் இல்லை, ஷூபார்ட். அவர் செத்துப் பல வருடங்களுக்குப் பிறகு 1806 இல் அச்சானது. அதில் சி மேஜர் கள்ளமில்லாதது, குழந்தைப் பேச்சு. எஃப் மைனர் ஆழ்ந்த சோகம், சாவீட்டுப் புலம்பல், புதைகுழிக்கு ஏங்குவது. இ மேஜர் ஆரவாரக் கும்மாளம், வாய்விட்ட சிரிப்பு.

இந்த அடாஜியோ எந்தச் சுருதி தெரியுமா? இ மேஜர். கும்மாளமாம்! நடுவில் இருக்கும் மூன்று பேரும், இரண்டாவது வயலின், வியோலா, முதல் செல்லோ, ஒரு சுரத்தை விட்டு அடுத்ததுக்கு நகரவே யோசிக்கிறார்கள். மேலே முதல் வயலின் அங்கொன்று இங்கொன்றாகச் சொல்லிவிட்டு நிறுத்துகிறது. கீழே இரண்டாவது செல்லோ விரலால் தட்டுகிறது. இதில் கும்மாளத்தை எங்கே போய்த் தேட?

ஆனால் நடுப்பகுதி எஃப் மைனர். அங்கே ஷூபார்ட் சொன்னது அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. பட்டியல் ஒரு இடத்தில் பொருந்துகிறது, பக்கத்து இடத்தில் தலைகீழாகிறது. பஞ்சாங்கம் மாதிரி. நம்புகிறவர்கள் நம்பலாம்.

இன்னொன்று. நன்னீர் மீன் ஒன்றைப் பற்றி ஷூபெர்ட் மெட்டமைத்த பாட்டு இருக்கிறது, அதன் மெட்டை வைத்தே 1819 இல் பியானோ குவின்டெட்டும் எழுதினார். அந்தப் பாட்டின் வரிகள் இதே ஷூபார்ட் எழுதியவை. மீன் பாடும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் வாவி மன்னிக்காது.

10 மே

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு நண்பர், "நான் வைத்திருக்கும் சிடியில் முதல் பகுதி 14 நிமிடச் சொச்சம், தம்பியின் கசெட்டில் 19 க்கு மேல். ஆகவே கசெட் மெதுவாக ஓடுகிறது, வேகமாக இல்லை" என்கிறார்.

இல்லை அண்ணன். முதல் பகுதியின் முன்பாதியைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் குறி இருக்கிறது. சிலர் வாசிப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். வித்தியாசம் முழுக்க அங்கேதான். இரண்டு செல்லோவும் சேர்ந்து பாடும் அந்த இ பிளாட் மெட்டு கசெட்டில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்க, விளங்கும். ஒலிப்பதிவின் பின்மட்டையில் உள்ள நிமிடங்களை வைத்து வேகத்தைச் சொல்லவே முடியாது.

அடாஜியோவில் அப்படித் திருப்பி வாசிக்கும் வேலை இல்லை. நிமிடங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அதை வைத்து ஒப்பிடுங்க. அதையும் 13 நிமிடத்துக்குள் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், 15 தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வேகமும் குற்றமில்லை, ஷூபெர்ட் எழுதி வைத்தது "அடாஜியோ" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

11 மே

அதே அண்ணன் மறுபடி: கசெட்டில் ஒரு முனகல் கேட்கிறது, ஆகவே இது கசால்ஸ் வாசித்ததுதான். 1952 இல் பிராட் ஊரில் ஐசக் ஸ்டேர்ன், அலெக்சாண்டர் ஷ்னைடர், மில்டன் கேட்டிம்ஸ், கசால்ஸ், டோர்டலியே வாசித்த பதிவு. கசால்ஸ் வாசிக்கும்போது முனகுவார் என்பது உண்மை.

முனகுகிற செல்லோக்காரர் உலகத்தில் ஒருவர்தானா? எங்கள் வயலின் வாத்தியார் ஒவ்வொரு நிரவலுக்கும் முனகுவார். கசெட்டின் வேகம் தெரியாமல் ஆளைக் கண்டுபிடிக்க வெளிக்கிட வேண்டாம். முதலில் அதை நேராக்குவோம்.

13 மே, நள்ளிரவு

கரண்ட் போய் வந்த பிறகு தூக்கம் வரவில்லை. ஒரு சோதனை செய்தேன், நீங்களும் செய்து பாருங்க.

யூடியூப்பில் சரியான சுருதியில் உள்ள பதிவு ஒன்றை எடுங்க. போனில் சுருதிப்பெட்டியை மூன்று கட்டைக்கு வையுங்க, அதாவது இ. இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்க. அடாஜியோ தொடங்கும்போது சுருதி சேர்ந்து நிற்கும். இடையில் சில கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், உரசும், தாங்கலாம். ஒரு கச்சேரிக்கு முன் உட்கார்ந்திருக்கும் உணர்வே வந்துவிடும்.

அடாஜியோவின் தொடக்கப் பாகம் முடியும் இடத்தில் இ யில் ஒரு நடுக்கம். அடுத்த நொடி எல்லாரும் எஃப்பில். நான்கு கட்டை! மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மூன்றரை என்று ஒன்று கிடையாது, பக்கத்துப் பக்கத்துக் கட்டை அவை. சுருதிப்பெட்டி இன்னும் இ பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் பெட்டியை நிறுத்திவிட்டேன், பல் கூசியது. முதல் வயலினும் முதல் செல்லோவும் ஒரே மெட்டைக் கத்திப் பாட, இரண்டாவது செல்லோ கீழே கிடந்து உருளுகிறது.

எங்கள் முறையில் கச்சேரி நடுவில் ஸ மாறாது. தம்புராவை யார் திருப்பி முறுக்குவது? அதனால் எங்கள் காதுக்கு இது அவர்களை விடக் கூடுதலாகவே உறைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அரைச்சுரம் மட்டும்தான் நகர்கிறது, ஆனால் காலுக்குக் கீழே நிலம் போய்விடுகிறது.

14 மே

நேற்று எழுதியதைப் பகலில் வயலினில் போட்டுப் பார்த்தேன். இன்னும் ஒரு விசேசம் இருக்கிறது.

இ இல் சங்கராபரணத்தை, அதாவது அவர்களுடைய மேஜரை, எழுதுங்க. எஃப்பில் நடபைரவியை, அவர்களுடைய மைனரை, எழுதுங்க. இரண்டையும் கீபோர்டில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஸ, ரி, ம, ப நான்கும் ஒவ்வொரு அரைச்சுரம் ஏறியிருக்கும். க, த, நி மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். இ-யின் அந்தர காந்தாரம்தான் எஃப்பின் சாதாரண காந்தாரம். கறுப்புக் கட்டை, அதே கட்டை. அடாஜியோவின் தொடக்கத்தில் மனதை மலர்த்திய க தான் நடுப்பகுதியில் புலம்புகிறது. அந்தச் சுரம் இம்மியும் நகரவில்லை, சுற்றியிருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

(எஃப் மைனரில் இ-யும் அடிக்கடி வந்து ஏறும், அப்போது கீரவாணி. யாராவது அதைச் சொல்லிக்கொண்டு வரமுதல் நானே சொல்லிவிட்டேன்.)

காரைதீவு உங்களுக்குப் பக்கத்து ஊர், தம்பி. விபுலானந்த அடிகள் 1947 இல் வந்த யாழ் நூலில் பண்ணுப் பெயர்த்தலைக் கணக்குப் போட்டு விளக்கியிருக்கிறார்: நரம்புகளை மாற்றாமல் வேறொரு நரம்பைக் குரலாக, அதாவது ஸ-வாக, எடுத்தால் வேறொரு பாலை, வேறொரு சுர வரிசை, பிறக்கும். ஷூபெர்ட் செய்தது அந்த வகை இல்லை. ஏழில் நான்கு நரம்பை முறுக்கிவிட்டுத்தான் எஃப்புக்குப் போகமுடியும். இருந்தாலும் இரண்டையும் அருகருகே வைத்து யோசிக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

செல்லோ வரியை வயலினில் வாசிக்கப் போய்த் தோற்றேன் என்பதையும் சொல்லவேண்டும். ம வந்தால் என் விரல் அசையாமல் நிற்காது.

15 மே

"அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி, அரைச்சுரம் உணர்ச்சியை மாற்றும்" என்று தம்பி கேட்கிறார்.

கெட்டிக்காரன். ஆனால் இல்லை. முழுப் பாட்டும் சேர்ந்து ஏறினால் இ எஃப் ஆகும், எஃப் எஃப் ஷார்ப் ஆகும், நடுவில் உள்ள தூரம் அப்படியே இருக்கும். கேட்கிறவருக்குத் தூரம்தான் கணக்கு. எஃப் என்ற இடத்துக்கு ஒரு குணமும் இல்லை. இ யில் கொஞ்ச நேரம் இருந்து பழகிவிட்டு எஃப்புக்குத் தூக்கிப்போடும்போதுதான் குணம் வருகிறது.

இந்தக் குவின்டெட் முழுக்க அந்தப் பக்கத்துக் கட்டை விளையாட்டுத்தான். மூன்றாம் பகுதி, ஸ்கெர்ட்ஸோ, சி மேஜரில் குதிக்கிறது. அதன் நடுவில் வரும் டிரையோ டி பிளாட்டில் தவழ்கிறது. சி-க்கும் டி பிளாட்டுக்கும் இடையில் அதே அரைச்சுரம். பாட்டின் கடைசி இரண்டு சுரமும் டி பிளாட், சி. மாயாமாளவகௌளையின் ரி, ஸ. சி மேஜர் என்று மட்டையில் எழுதிய பாட்டு அப்படி முடிகிறது.

19 மே

இதை ஒரு ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அடாஜியோவின் தாளம் 12/8. இங்கே மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீட்டில் கபிரிஞ்ஞா வாசிப்பார்கள், அது 6/8. அவர்களோடு வயலின் பிடித்திருக்கிறேன். அங்கேயும் மும்மூன்றாகத்தான் எண்ணவேண்டும், ஷூபெர்ட்டிலும் மும்மூன்றுதான். ஒன்றில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுவார்கள், மற்றதில் மூச்சு விடவே தயங்குவார்கள். ஒரு பாருக்கு ஒன்றரை விநாடி, ஒரு பாருக்கு 9 விநாடி. சுருதியை விட்டுவிட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறேன் என்றால் இதனால்தான்.

மறுகா, பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னுடைய கசெட் ஒன்றை அவர்களுடைய டெக்கில் போட்டார்கள். நாதஸ்வரம் காகம் கத்தினது போல வந்தது. மண்டபக்காரர் சொன்னார், கசெட் பழசாம்!

22 மே

தம்பியிடம் நாலு விசயம் கேட்டிருந்தேன். பதில் வந்துவிட்டது, எல்லாரும் கேளுங்க, இது துப்பறியும் கதை.

கசெட் சி-90. ஒரு பக்கத்தில் 45 நிமிடம். முதல் மூன்று பகுதியும் ஏ பக்கத்தில், கடைசிப் பகுதி பி பக்கத்தில். சி ஷார்ப் என்று அவர் எடுத்தது ஸ்கெர்ட்ஸோவில். ஏன் என்றால் அங்கேதான் சி சத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒலிக்கிறது. முதல் பகுதியின் தொடக்கத்தில் வைத்துப் பார்த்தால் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கோ, கீபோர்டில் பிடிபடவில்லை. பி பக்கத்தில் உள்ள கடைசிப் பகுதி சுத்தமான சி!

இன்னொன்று. ஏ பக்கத் தொடக்கத்தில் அறிவிக்கும் பெண்ணின் குரல் கொஞ்சம் மெல்லிசு. அந்தப் பக்கம் முடியும் இடத்தில் அதே பெண் இரண்டு சொல் சொல்கிறார், சின்னப்பிள்ளை கதைப்பது போல.

இப்போது சொல்லுங்க, என்ன நடந்தது?

22 மே, இரவு

அக்கரைப்பற்று அண்ணன் பெல்ட் என்கிறார். பெல்ட் தேய்ந்தால் வழுக்கும், நாடா மெதுவாகும். அந்த வழியால் யோசித்தால் நல்லதுதான். ஆனால் பி பக்கம் எப்படிச் சரியானது?

பற்றரி. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத இரவில், ரேடியோவும் ரெக்கோடரும் ஒன்றாக உள்ள பெட்டியில் மாமா பிடித்திருக்கிறார். ரேடியோவும் அதே பற்றரியில், மோட்டரும் அதே பற்றரியில். பற்றரி இறங்க இறங்க மோட்டர் தளர்ந்திருக்கிறது. நாடா மெதுவாக ஓடும்போது பதிந்ததை, சரியான வேகத்தில் ஓடும் இன்றைய டெக்கில் போட்டால் விரைந்து கேட்கும். பற்றரி இறங்க இறங்க சுருதி ஏறும். தலைகீழ்க் கணக்கு. ஏ பக்கம் முடிந்து கசெட்டைத் திருப்பிப் போடும்போது அவருக்கே சந்தேகம் வந்து புதுப் பற்றரி போட்டிருக்கிறார். பி பக்கம் நேராகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டார்கள். அதில் ஒருவர் மிதிக்க ஒருவர் கசெட்டில் பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஏற்றத்தில் சி, இறக்கத்தில் பி பிளாட்.

24 மே

அடாஜியோவின் தொடக்கத்தையும் முடிவையும் தம்பி வெட்டி அனுப்பினார். டியூனரில் போட்டுப் பார்த்தேன். அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரித்தால், தொடக்கத்து இ கிட்டத்தட்ட 40 சென்ட் உயரத்தில், முடிவில் உள்ள இ கிட்டத்தட்ட 70 இல்.

4 மே போட்ட கணக்கு நாடா முழுக்க ஒரே வேகம் என்று வைத்துப் போட்டது. இந்த அளவுக்கு முக்கால் நிமிடம் களவு போகாது. சராசரி 55 சென்ட் என்றால் 14 நிமிடம் 6 விநாடி 13 நிமிடம் 40 விநாடி ஆகும். அரை நிமிடம் கூட இல்லை.

அதைவிடப் பெரிய விசயம் மற்றது. தொடக்கத்தில் ஒரு இ, முடிவில் வேறொரு இ. அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே.

இந்த அடாஜியோவில் என்ன நடக்கிறது என்று மறுபடி யோசியுங்க. இ யில் வெகுநேரம் இருக்கிறோம். எஃப்புக்குத் தூக்கி எறியப்படுகிறோம். பிறகு அதே இ-க்கு வருகிறோம், மெட்டும் அதே, முதல் வயலினும் இரண்டாவது செல்லோவும் மட்டும் இப்போது ஓய்வில்லாமல் கொடி படர்த்துகின்றன. முடிய மூன்று நான்கு பார் இருக்கையில் எஃப் மைனர் ஒருமுறை தலைகாட்டி மறைகிறது, அவ்வளவுதான், இ யில் முடிகிறது. முழுப் பகுதியும் அந்தத் திரும்பி வருதலை நம்பித்தான் நிற்கிறது. தம்பி கேட்ட நாடாவில் திரும்பி வரும் இடம் புறப்பட்ட இடம் இல்லை. அவருக்குச் சுருதி அளந்து தெரியாவிட்டாலும் காது கண்டுபிடித்திருக்கும். அந்தரம் என்று எழுதினாரே, அது இந்த அந்தரம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆக, நாடா முழுக்க ஒரே அளவு ஏறியிருந்தால், சி ஷார்ப்பில் கேட்டும் அவர் அழுதிருப்பார். தவழ்ந்து தவழ்ந்து ஏறியதால் கெட்டது.

27 மே

கண்ணகி அம்மன் குளிர்த்தி முடிந்து இன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்வு. ஒலிபெருக்கி எங்களுடையது. வழக்குரை பாடும்போது உடுக்கு அடிப்பவர் இரவு ஏற ஏற வேகத்தைக் கூட்டிவிட்டார், பாடுகிறவரும் சுருதியை ஏற்றிவிட்டார். அங்கே அந்த ஏற்றம் தேவை, அம்மன் குளிரவேண்டும் என்றால் முதலில் கொதிக்கவேண்டும். கூட்டத்தில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. ஏறுவதே கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூபெர்ட்டின் அடாஜியோவுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

30 மே

நாடாவை எப்படி நேராக்குவது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொம்பியூட்டரில் ஒடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளைப் போட்டு, வேகத்தை மாற்றும் இடத்துக்குப் போங்க. சுருதியை மட்டும் மாற்றும் இடமும், வேகத்தை மட்டும் மாற்றும் இடமும் தனித்தனியே இருக்கும், அவற்றைத் தொடவேண்டாம். எங்களுக்கு இரண்டும் சேர்ந்து இறங்கவேண்டும். அப்போதுதான் செல்லோவின் பெட்டியும் பழைய பருமனுக்கு வரும்.

அடாஜியோவை மூன்றாக வெட்டினேன். முதல் துண்டுக்கு 2.3 வீதம் குறைப்பு, நடுவுக்கு 3.1, கடைசிக்கு 4. வெட்டும் இடத்தை சத்தம் அடங்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்க, எஃப் மைனரின் நடுவில் வெட்டினால் படி தெரியும். பி பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

4 யூன்

தம்பி நேராக்கிய பதிவைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: அந்தரம் போய்விட்டது, ஆனால் அழுகை வரவில்லை. யூடியூப் குழு வாசித்ததற்கு மட்டும்தான் அழுகை வருகிறதாம்.

நானும் இரண்டையும் கேட்டேன். வேகத்தை நேராக்கிய பிறகும் கசெட்டில் உள்ள குழு ஓரளவு நடந்துதான் போகிறது. நடுவில் இருக்கும் மூவரும் வில்லை மாற்றும் இடம் காதுக்குத் தெரிகிறது, சுரத்துக்குச் சுரம் எல்லை இருக்கிறது. யூடியூப் குழு வில் மாறும் இடத்தை ஒளித்துவிடுகிறார்கள், இரண்டாவது செல்லோவின் தட்டல் மட்டும்தான் நேரத்தைச் சொல்கிறது. அழுகை வருவதற்கு அது வசதி. ஆனால் எஃப் மைனர் வந்ததும் கசெட் குழுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை. மற்றவர்கள் கூட்டிவிடுகிறார்கள், கூட்டினால் படபடப்பு வரும், பயம் குறைந்துவிடும். மாமா பிடித்தது நல்ல வாசிப்பு, தம்பி. அழவைக்காததால் குறைவென்று நினைக்க வேண்டாம்.

அக்கரைப்பற்று அண்ணன் இன்னும் கசால்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேராக்கிய பிறகு முனகல் தடித்துவிட்டது, இப்போது இன்னும் நிச்சயமாம்.

9 யூன்

கடைசிச் சுரம் பற்றி ஒரு சண்டை தொடங்கியிருக்கிறது. நல்ல சண்டை.

டி பிளாட், சி என்று முடியும் அந்த சி-யில் ஒரு குறி இருக்கிறது. அது அழுத்தமா, மெல்ல அடங்கச் சொல்வதா? ஷூபெர்ட் அழுத்தக் குறியை நீட்டி நீட்டி எழுதுவார், இரண்டும் ஒன்று போலத் தெரியும். மற்றப் பாட்டுகளுக்கு அவருடைய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்து வாதாடலாம். இதற்குக் கையெழுத்துப் பிரதியே இல்லை, தொலைந்துவிட்டது. 1828 ஒக்டோபர் 2 ஆம் திகதி ஒரு பதிப்பாளருக்கு இப்படி ஒரு குவின்டெட் முடித்திருக்கிறேன் என்று எழுதினார். நவம்பர் 19 இல் 31 வயதில் இறந்துபோனார். மேடையில் முதலில் வாசித்தது 1850 இல், அச்சில் வந்தது 1853 இல். ஆகவே கேட்க ஆளில்லை.

அடங்கி முடிக்கிறவர்கள் எனக்குப் பிடிக்காது. அந்த டி பிளாட்டை அவ்வளவு உரக்க உரசிவிட்டு, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று தடவிக்கொடுப்பது என்ன நியாயம்? அடித்து முடிக்கவேண்டும். மாமாவின் கசெட்டில் அடித்துத்தான் முடிக்கிறார்கள். புதுப் பற்றரியில் பதிந்தபடியால் அது மட்டும் சுத்தமாக வந்திருக்கிறது.

10 யூன்

தம்பி, மற்றக் கசெட்டுகளையும் இதே 2.3, 3.1, 4 வைத்து இறக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஒவ்வொரு இரவுக்கும் பற்றரி வேறு. ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்தில் டியூனர் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்க. மட்டையில் மாமா எழுதிய சுருதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அவர் அறிவிப்பைக் கேட்டு எழுதியவர். அதைப் பிடித்துக்கொண்டு போங்க.